உலைக்காக ஒரு கையெழுத்து

ஜீனத்துக்குப் பட்டப்பகலில் கனவு வரும். தூக்கத்தில் வருகிற கனவு இல்லை. கண் திறந்திருக்கும்போதே வருவது. கல்மண்டபத்தில் அவள் பிறந்த வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகும் பாத்திரத்தைப் பார்த்தபடி நிற்பாள். "எங்கடி போய்ட்டே?" என்று அம்மா அதட்டினால், "இங்கதானே கீறேன்" என்பாள். உண்மையில் அப்போதுதான் திரும்பி வந்திருப்பாள்.

இப்படிப்பட்டவளைக் கண்ணாடி உலை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றின் கடைசியில் மொஹ்சினுடைய பட்டறை இருந்தது. அத்தர் குப்பி, கண்ணுக்கு இடும் சுர்மாவுக்கான குப்பி, மருந்துக் கடைகளுக்கான சின்னச் சின்னப் பாட்டில்கள். கல்யாணமான அந்த வாரமே மொஹ்சின் அவளைக் கூட்டிக்கொண்டு போய் உலையைக் காட்டினான். நீலக் கண்ணாடித் துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்து, சுவரிலிருந்த சிறிய துவாரத்தின் வழியாகப் பார்க்கச் சொன்னான். உள்ளே கண்ணாடி பாகாய்க் கிடந்தது. அது கொதிக்கவில்லை, அலையடிக்கவில்லை. மெதுவாக, யாருக்கோ பதில் சொல்ல யோசிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

"இத எப்ப அணைப்பீங்க?" என்று கேட்டாள் ஜீனத்.

"அணைக்கவே கூடாது," என்றான் மொஹ்சின். "பெருநாளுக்கும் எரியும், புயலுக்கும் எரியும். எங்க வாப்பா மவுத்தான அன்னிக்கும் எரிஞ்சுகினுதான் இருந்துச்சு."

அன்றிலிருந்து மதியச் சோறு கொண்டு வருகிற சாக்கில் தினமும் பட்டறைக்கு வந்துவிடுவாள். மொஹ்சின் சாப்பிட்டு முடித்துக் கணக்குப் பார்க்க உட்கார்ந்த பிறகும், நீலக் கண்ணாடியை வைத்துக்கொண்டு துவாரத்தின் அருகே நிற்பாள். அதற்குள் ஊர்கள் தெரியும். யாரும் போகாத கடற்கரைகள் தெரியும். வேலை செய்பவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். வருஷங்கள் போயின. இரண்டு பெண்களைப் பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்தாள். காதோரம் நரைத்தது. அந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

உலையைப் பார்த்துக்கொள்கிறவர் பொன்னுரங்கம். திருவொற்றியூர் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினாலே குமட்டும். "தண்ணி ஒத்துக்கலன்னா நெருப்பாண்ட போன்னு எங்க நைனா தள்ளிவுட்டாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மொஹ்சினை அவர் பாய் என்பார், ஜீனத்தை அம்மா என்பார். அவளைவிட மூத்தவர், அதனால் அவள் அவரை ரங்கண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பட்டறையில் ஜீனத்தும் ஒரு பங்குதாரர். வரிக் கணக்குப் பார்ப்பவர் அப்படி வைத்தால் நல்லது என்று சொன்னதால் அவள் பெயரையும் சேர்த்திருந்தார்கள். எப்போதாவது காகிதங்கள் வீட்டுக்கு வரும். மொஹ்சின் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வெளியே பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டே போட்ட கையெழுத்துகள் அவை.

முன்பெல்லாம் உலை எண்ணெயில் எரிந்தது. கரும்புகை சந்து முழுக்கப் படிந்து, மொட்டை மாடிகளில் காயும் துணியெல்லாம் கலீஜாகிவிடும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள், அதிகாரிகள் வந்து எச்சரித்தார்கள். அப்போதுதான் கேஸ் கம்பெனியிலிருந்து செல்வநாதன் வந்தார். தெற்கத்திக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர். எங்கோ அரபு நாட்டில் எடுத்த எரிவாயுவை உறைய உறையக் குளிரவைத்துத் தண்ணீர் போலாக்கிக் கப்பலில் கொண்டு வருகிறார்கள், எண்ணூரில் இறக்குகிறார்கள், அங்கிருந்து லாரியில் எங்கள் கம்பெனி கொண்டு வந்து தரும் என்று விளக்கினார். தொட்டியைக் கம்பெனியே சொந்தச் செலவில் வைத்துக் கொடுக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம். உலகத்தில் விலை எப்படி ஏறினாலும் ஒரு வரம்புக்கு மேல் உங்களிடம் வாங்க மாட்டோம் என்று எழுதியே தந்தார்கள். மொஹ்சின் கையெழுத்துப் போட்டான். ஜீனத்தும் போட்டாள்.

பட்டறை முற்றத்தில் வெள்ளைத் தொட்டி ஒன்று வந்து நின்றது. அதன் பக்கத்தில் ஆள் உயர அலுமினியச் சட்டங்கள். குளிர்ந்த திரவம் அவற்றின் வழியாக ஓடி, வெளிக்காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு எரிவாயுவாக மாறி உலைக்குப் போகும். ஓடும்போது சட்டங்களின் மேல் பனி படியும். சித்திரை வெயிலில், தார் உருகுகிற திருவொற்றியூரில், கையளவு கனத்துக்கு வெள்ளை வெளேரென்று பனி. கீழே புகைபோல் மூட்டம் தவழும். ஜீனத் அதன் முன்னால் மணிக்கணக்கில் நின்றாள். இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் நெருப்பு. நடுவில் ஒரு குழாய். கடலுக்கு நடுவே, கப்பலின் வயிற்றில் உறங்கிக்கொண்டே வருகிற ஒன்று தன் வாசலில் வந்து விழித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வாள். நகத்தால் பனியைச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டதும் உண்டு. பொன்னுரங்கம் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயோ, தொடாதம்மா! தோலு ஒட்டிக்கும்!"

இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. பிறகு எங்கோ வடக்கே ஒரு போர் தொடங்கியது. அங்கே குண்டு விழுந்தால் இங்கே கேஸ் விலை ஏன் ஏற வேண்டும் என்று ஜீனத்துக்குப் புரியவில்லை. ஆனால் ஏறியது. நம் பக்கம் வர வேண்டிய கப்பல்கள் அதிக விலை கொடுக்கும் நாடுகளைப் பார்த்துத் திரும்பிப் போகின்றன என்று மொஹ்சின் போனில் படித்துச் சொன்னான். கடல் நடுவில் ஒரு கப்பல் சத்தமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவள் கண்ணெதிரே கண்டாள்.

செல்வநாதன் இரண்டு முறை வந்தார். கம்பெனிக்குப் பெரிய நஷ்டம், அந்த வரம்பை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். "அஞ்சு வருசத்துக்குன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க," என்றான் மொஹ்சின். "வெலை கொறஞ்சிருந்தா நாங்க வந்து கேட்டிருப்போமா?" செல்வநாதன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆவணி மாதம் மொஹ்சின் தன் உம்மாவை அழைத்துக்கொண்டு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போனான். அந்த அம்மாளின் வெகுநாள் ஆசை. பெட்டியைத் தூக்கும்போது, "ரங்கண்ணன் பாத்துப்பாரு, ஒனக்கு ஒண்ணும் வேல இருக்காது" என்றான்.

அவன் போய்ச் சில நாளில், காலையில் வர வேண்டிய லாரி வரவில்லை. ஜீனத் மதியம் வந்தபோது பொன்னுரங்கம் தொட்டியில் கேஸ் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் போட்டா எடுக்க மாட்றானுங்கம்மா."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"நாளிக்கு மதியம் வரிக்கும் இழுத்துப் புடிக்கலாம். அப்பறம் தீ எறங்கிடும்."

செல்வநாதன் அப்போதுதான் உள்ளே வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு உறை இருந்தது. முகத்தில் பல நாள் தூங்காத களைப்பு.

"லாரி எங்க சார்?" என்றாள் ஜீனத்.

"பக்கத்துலதாம்மா நிக்குது. மெயின் ரோட்டுல. லோடோடதான் நிக்குது."

"அப்பறம் இன்னா? வரச் சொல்லுங்க."

அவர் உறையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் வைத்தார். "இதுல ஒரு கையெழுத்து வேணும்மா. நீங்களும் பார்ட்னர்தான், நீங்க போட்டாப் போதும்."

அவள் போனை எடுத்து மொஹ்சினைக் கூப்பிட்டாள். மதீனாவிலிருந்து மக்காவுக்குப் பஸ்ஸில் போகிற நாள் அது. மணி அடிக்கவே இல்லை. மறுபடி போட்டாள். எங்கோ பாலைவனத்துக்கு மேலே ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் ஏதோ சொன்னது.

"அவரு வந்துரட்டும் சார். இன்னும் கொஞ்ச நாளுதான்."

"லாரி அது வரைக்கும் நிக்காதும்மா. சாயங்காலத்துக்குள்ள நான் சொல்லலேன்னா வேற ஃபேக்டரிக்குத் திருப்பிருவாங்க."

"அப்ப வேற கம்பெனிலே வாங்கிக்கிறோம்."

"தொட்டி எங்களோடது. வேற யாரும் அதுல நிரப்ப முடியாது." மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவதுபோல் அமைதியாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜீனத் எழுந்து உலைக்கருகே போனாள். துவாரத்தின் வழியே பார்த்தாள். பாகு எப்போதும்போல் அசைந்துகொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. அச்சுகளின் அருகே வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"அணைஞ்சா இன்னா ஆவும் ரங்கண்ணே?"

"பாகு உள்ளயே கல்லாப் பூடும்மா. சுவத்துல கீற செங்கல்லு பொளந்துகினு வுழும். திரும்பக் கட்றதுன்னா அரை வருசம் புடிக்கும். இவனுங்கல்லாம் அது வரிக்கும் வேற எடம் பாத்துகினு போய்டுவானுங்க."

"நா போட்டா தப்பா?"

"நா இன்னாம்மா சொல்றது?" பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நீதானே மொதலாளி."

அந்த வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. திரும்பிப் போய் மேஜையின் முன் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். வெகு நேரமாயிற்று. விலை வரம்பு ரத்து. புதிய விலை, பழையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த மாற்றத்தை இரு தரப்பாரும் முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தது. முழு மனதுடன் என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார்," என்றாள். "மனசு ஒத்து நா போடல. வேற வழி இல்லாமதான் போட்றேன். கேட்டுக்கினீங்கல்ல?"

செல்வநாதன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. "கேட்டுக்கிட்டேம்மா," என்றார். வெளியே போய் போன் செய்தார்.

சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை. சந்து முனையில் லாரியின் ஹாரன் கேட்டது. அத்தனை பக்கத்தில் நின்றிருக்கிறது! ஜீனத்துக்கு நெஞ்சில் அதுதான் சுருக்கென்று தைத்தது. குழாயை மாட்டினார்கள். பனி மெலிந்துபோயிருந்த சட்டங்களில் மெல்ல மெல்ல வெள்ளை ஏறியது, மூட்டம் முற்றத்தில் பரவி அவள் கணுக்காலைத் தொட்டது. அவள் அதைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மொஹ்சின் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் மழித்த தலையுமாகத் திரும்பி வந்தான். வந்தவர் போனவர் கூட்டம் குறையும்வரை காத்திருந்து ஜீனத் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவனோ தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி வுடு. ஃபர்னஸக் காப்பாத்திக் குடுத்தே."

"அவங்களாண்ட போய்க் கேப்போங்க. நா மனசாரப் போடலன்னு சொல்லிட்டுத்தான் போட்டேன்."

"கையெழுத்து போட்டா போட்டதுதான் ஜீனத். அவனுங்க பெரிய ஆளுங்க. பேஜாரு புடிச்ச வேல, நமக்கு வேணா."

அதன் பிறகு பட்டறை மூச்சுத் திணறியது. குப்பிக்கு விலையேற்றினால் வண்ணாரப்பேட்டை அத்தர் கடைக்காரர்கள் பிளாஸ்டிக்குக்குப் போய்விடுவோம் என்றார்கள். ராத்திரி ஷிப்டை நிறுத்தினான் மொஹ்சின். டெலிவரி வேனை விற்றான். ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் புதிய விலையைக் கட்டிக்கொண்டே வந்தான். மழைக்காலம் வந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை சாம்பல் நிறத்தில் வானம் கவிந்து, அதுவும் போயிற்று.

ஜீனத்தின் கனவுகள் மாறிவிட்டன. முன்பு அவள்தான் அவற்றுக்குள் போவாள். இப்போது அவை அவளைத் தேடி வந்தன. பாத்திரம் விளக்கும்போது தன் விரல்கள் பாகாகி நீண்டுகொண்டே போவதைப் பார்ப்பாள். யாரோ அந்த விரல்களை அச்சில் வைத்து ஊதுவார்கள். அவள் பெயர் குப்பி குப்பியாக உருண்டு வந்து ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். ஒவ்வொரு குப்பியிலும் 'முழு மனதுடன்' என்று எழுதியிருக்கும். உலைக்கு முன்னால் போய் நிற்பதையே விட்டுவிட்டாள். சோற்றுக் கேரியரை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பொன்னுரங்கம் இதைக் கவனித்தார்.

"எங்க அண்ணம் பொண்ணு நர்மதா ஐகோர்ட்ல வக்கீலு," என்று ஒருநாள் வாசலில் அவளை நிறுத்திச் சொன்னார். "சும்மா ஒருவாட்டி கேட்டுத்தான் பாரேம்மா. நா கூட வரேன்."

இருவரும் பஸ் பிடித்துப் பாரிமுனை போனார்கள். குறுகலான படிகள் ஏறி மூன்றாவது மாடி. நர்மதா முப்பதைத் தாண்டாத பெண். குப்பத்தில் மீன் கூடை தூக்கிய தாயின் மகள். ஜீனத் சொன்னதை இடையில் ஒருமுறையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஜீனத்தம்மா, பயத்துல போட்ட கையெழுத்து எல்லாம் செல்லாதுன்னு சட்டம் சொல்லிடல," என்றாள் பிறகு. "வியாபாரத்துல எல்லாருக்கும் நெருக்கடிதான். அவங்களுக்கும் நஷ்டம், அது நிஜம். ஆனா எழுதிக் குடுத்த சப்ளைய நிறுத்திடுவேன்னு மெரட்டி, உங்களுக்கு வேற வழியே இல்லாத நேரமாப் பாத்து வாங்கினாங்கன்னா, அது சம்மதமே இல்ல. அந்த மாத்தம் வேணான்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"அப்ப ஜெயிச்சுருவோமா?"

"ஒரு எடத்துல இடிக்குது. பயம் தீந்த உடனே 'நான் ஒத்துக்கல'ன்னு சொல்லியிருக்கணும். நீங்க நாலு மாசமா சத்தமில்லாம பணம் கட்டிக்கினு வந்திருக்கீங்க. அப்பறம் சம்மதிச்சிட்டாங்கன்னுதான் அவங்க சொல்வாங்க."

ஜீனத் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர்க் கட்டடத்துச் சுவரில் வெயில் பாகுபோல் வழிந்துகொண்டிருந்தது. "கேஸ் போட்டா அந்த கேஸ நிறுத்திடுவாங்களேம்மா," என்றாள். சொன்ன பிறகுதான் இரண்டு கேஸும் ஒன்றாக ஒலித்தது காதில் விழுந்து மூவரும் சிரித்தார்கள்.

"அதுக்கு முன்னாடியே கோர்ட்ல தடை வாங்கிடலாம்," என்றாள் நர்மதா. "முடிவு வர்ற வரைக்கும் லாரி வந்துதான் ஆகணும்."

வீட்டில் மொஹ்சின் ஒப்பவில்லை. "தோத்துட்டோம்னா பட்டறையவே எழுதிக் குடுக்கணும்" என்றான்.

"கையெழுத்து என்னோடதுங்க," என்றாள் ஜீனத். அவன் முகத்துக்கு எதிரே அப்படி அவள் பேசியதே இல்லை. "அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நா இருக்கற வரைக்கும் அது அங்க கெடந்து நா சம்மதிச்சேன்னு சொல்லிகினே இருக்கும். என்னால முடியல."

மொஹ்சின் புரண்டு படுத்துக்கொண்டான். காலையில் அவள் எழுந்து வந்தபோது ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஏறு," என்றான். "வக்கீலாண்ட என்னையும் கூட்டிகினு போ."

கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று. உயர் நீதிமன்றம், சப்ளையை நிறுத்தக் கூடாது என்று இடைக்காலமாக உத்தரவிட்டது. மீதியை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி, நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் விசாரிக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய உயரமான கட்டடம் ஒன்றில், குளுகுளு அறையில் விசாரணை நடந்தது. ஜன்னலுக்கு வெளியே ராட்சதக் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவற்றின் சத்தம் இல்லை. எல்லாம் நீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது ஜீனத்துக்கு. அவள் தமிழில் சொன்னதை ஒருவர் இங்கிலீஷில் சொன்னார், இன்னொருவர் தட்டச்சு செய்தார். வார்த்தைகள் தன் வாயிலிருந்து போய் வேறு உடை போட்டுக்கொண்டு அறையைச் சுற்றி வருவதை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வக்கீல் மரியாதையாகப் பேசுகிறவர். "உங்கள் கையை யாராவது பிடித்தார்களா அம்மா?"

"இல்ல சார்."

"செல்வநாதன் சத்தம் போட்டாரா?"

"இல்ல. மெதுவாத்தான் பேசுனாரு."

"படிக்க நேரம் கொடுத்தாரா?"

"குடுத்தாரு. முழுசாப் படிச்சேன்."

"லாரி வந்துவிட்டது. பயம் போய்விட்டது. அடுத்த நாளே ஏன் மறுக்கவில்லை?"

"பயம் போவல சார். அடுத்த லாரி வரணுமே."

"சரி. ஒரு வாரம் பயம். இரண்டு வாரம் பயம். நாலு மாதமுமா?"

ஜீனத் மொஹ்சினைப் பார்த்தாள். மொஹ்சின் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே ஒரு சிவப்புப் பெட்டி அந்தரத்தில் தொங்கி மெல்லச் சுழன்றது. "தெர்ல சார்," என்றாள் கடைசியில். அதுவும் இங்கிலீஷில் போய்ப் பதிவாயிற்று.

அடுத்த அமர்வில் செல்வநாதன் சாட்சிக்கு வந்தார். இளைத்திருந்தார். நர்மதா அவரிடம் அதிகம் கேட்கவில்லை.

"அன்னைக்கு உங்க கம்பெனிகிட்ட கேஸ் இருந்துச்சா, இல்லையா?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். கடைசியில் ஜீனத்தைப் பார்த்தார். அன்று பட்டறையில் பார்க்காத பார்வை அது.

"இருந்துச்சு."

"லாரியைச் சந்து முனையில நிறுத்தி வெச்சது எதுக்கு?"

"கையெழுத்து வாங்குற வரைக்கும் உள்ள விடக் கூடாதுன்னு மேலேருந்து சொன்னாங்க."

"ஜீனத்தம்மா கையெழுத்துப் போடும்போது எதாவது சொன்னாங்களா?"

"வேற வழி இல்லாமப் போடறேன்னாங்க." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேட்டுக்கிட்டேன்னு சொன்னேன். ஆமா, கேட்டேன்."

தீர்ப்பு வரக் கோடைக்காலம் ஆகிவிட்டது. அன்று வாங்கிய கையெழுத்து நெருக்கடியில் வாங்கியது, அது உண்மையான சம்மதம் ஆகாது. மறுத்து நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து பழைய ஒப்பந்தமே செல்லும் என்று நடுவர் முடிவு செய்திருந்தார். ஆனால் மறுப்புச் சொல்லாமல் கட்டிய மாதங்களின் தொகை திரும்பக் கிடைக்காது. கம்பெனியின் நஷ்டமும் உண்மையானது, ஆனால் தன் நஷ்டத்தை இன்னொருவர் கழுத்தைப் பிடித்து ஈடுகட்ட முடியாது என்று ஒரு வரி இருந்ததை நர்மதா தமிழில் படித்துக் காட்டினாள். மொஹ்சின் அந்த வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னான்.

முழு வெற்றி இல்லை. வேன் விற்றதும், ராத்திரி ஷிப்டில் நின்றுபோன ஆட்கள் மணலிப் பக்கம் வேலைக்குப் போனதும் அப்படியே இருந்தன. மீதி ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மொஹ்சின் வேறு கேஸ் கம்பெனி ஆள் ஒருவரிடம் பேச ஆரம்பித்தான். இந்த முறை ஒப்பந்தத்தைப் படிக்க ஜீனத் உட்கார்ந்தாள். நர்மதாவுக்குப் போன் செய்து வரி வரியாகக் கேட்டு, தொட்டியைப் பட்டறையே வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி எழுப்பினாள். யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அந்த ஆள். கேட்டுத்தான் பாருங்களேன் என்றாள். செல்வநாதன் கம்பெனியை விட்டுப் போய்விட்டதாகவும், தூத்துக்குடியில் மச்சான் கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் லாரி டிரைவர் சொன்னார். "நல்ல மனுசன்தான்" என்றார் பொன்னுரங்கம். ஜீனத் காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தீர்ப்பு வந்த வாரம் ஒரு சாயங்காலம், மொஹ்சின் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். கரையை அலை தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். காற்று ஈரமாக இருந்தது. கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளிச்சம்.

"அன்னிக்கி நா இங்க இருந்திருந்தா இன்னா பண்ணிருப்பேன் தெர்யுமா?" என்றான் மொஹ்சின்.

"இன்னா பண்ணிருப்பீங்க?"

"நானும் போட்டுத்தான் குடுத்திருப்பேன்."

"அது எனக்குத் தெரியுங்க."

"ஆனா மனசார போடலன்னு சொல்லியிருக்க மாட்டேன். மானம் போய்டும்னு பேசாம இருந்திருப்பேன். கோர்ட்டுக்கும் போயிருக்க மாட்டேன்."

அவள் கடலைப் பார்த்தபடி இருந்தாள். அலை கற்களுக்கு நடுவே ஏறி, வழியைத் தேடி, இறங்கிப் போயிற்று. அவன் அவள் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

"இன்னா, எங்கனா போய்ட்டியா?"

"இல்லீங்க," என்றாள் ஜீனத். "பசிக்குது."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து கை நீட்டினான். ரோட்டோரம் பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் அப்போதுதான் விளக்கு போட்டிருந்தார்கள். வறுத்த பூண்டு வாசனை காற்றோடு வந்தது. கற்களின் மேல் கால் வழுக்காமல் பார்த்து வைத்து, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.